மிதக்கும்வரை கொக்கியைத் தொடாதே

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பேசி வைத்ததிலிருந்து இதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நோட்டில் பாதித் தாள் போய்விட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வரும், "சரி விடும்மா, அப்பறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவாய். உன் சுபாவமும் எனக்குத் தெரியும், என் சுபாவமும் எனக்குத் தெரியும். தாளில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் என்ன தோன்றுகிறதோ அதைச் செய்.

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நீ சொந்தமாகப் படகு வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆற்றிலும் கழிமுகத்திலும் ஆழம் அளந்து கொடுக்கும் வேலை என்று விளக்கினாய், பாதி புரிந்தது. படகை டிரெய்லரில் ஏற்றி, பிக்அப் வண்டியில் பூட்டி, இன்றைக்குக் கடலூர் உப்பனாறு, நாளைக்கு வெள்ளாறு, மறுநாள் பிச்சாவரம் என்று இழுத்துக்கொண்டு அலைய வேண்டும் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. முன்பின் தெரியாத சிமெண்டுச் சரிவுகளில் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி இறக்க வேண்டும். முதல்முதலாக இறக்கப்போவது வரும் வெள்ளிக்கிழமை, கிள்ளைப் பக்கம், உன் அப்பா படகு இறக்கிக்கொண்டிருந்த அதே சரிவில். "மாமா பேரத்தாம்மா படகுக்கு வச்சிருக்கேன். நம்ம வழக்கப்படி நீதான் வந்து கட்டு அவுக்கணும்" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. பயப்படுகிறேன் என்று நினைத்து, எனக்குத் தைரியம் சொல்வதற்காக இன்னொன்றும் சொன்னாய். "பயப்படாத. கொக்கி மாட்ட மறக்கறதுக்கு நான் ஒன்னும் அவரு கெடையாது." நீ அவரு என்றது உன் அப்பாவை. அவர் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. பதினோரு வருடமாக உன் வாயில் அவர் வெறும் அவருதான்.

சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்த கோபத்தில் நீ இதைப் படிக்காமல் போய்விடக் கூடாது. நீ வீடியோவெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாய். பார், நல்லதுதான். ஆனால் அந்தச் சரிவில் எட்டு வருடம் தினம் நின்றவள் நான். பழுது பார்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் படகுகளை உன் அப்பாதான் டிராக்டரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார், அது உனக்குத் தெரியும். உதவிக்கு இருந்த ஆள் வெளிநாட்டுக்குப் போய்விட்டபோது, "நீ வந்து நின்னு கைய காட்டு, போதும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டிரெய்லரில் படகு ஏறிவிட்டால் அதன் மூக்கு மறைத்து, ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் ஒன்றுமே தெரியாது. நான் காட்டும் கைதான் அவருக்கு வழி. "பொண்டாட்டி கைய காட்டாம இவுரு வண்டிய நவுத்த மாட்டாரு" என்று கரையில் நிற்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "ஒங்க வூட்ல மட்டும் எப்பிடியாம்?" என்று நான் திருப்பிக் கொடுப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கியரை மாற்றுவார்.

எந்தச் சரிவுக்குப் போனாலும் வண்டியை நேராக அதில் இறக்கிவிடாதே. மேலே சமதரையில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர் வரைக்கும் நீயே நடந்து பார். பாசி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்காலுக்குத் தெரியும். உன் பிக்அப்பின் சக்கரங்கள் அந்தப் பாசிக்கு மேலேயே நிற்க வேண்டும். அப்படி நின்றால் டிரெய்லர் போதுமான ஆழத்துக்குப் போகாது என்றால், தண்ணீர் ஏறும்வரை காத்திரு. சிமெண்டு முடிகிற இடத்தை ஒரு கம்பால் குத்திப் பார். படகுக்காரர்கள் அங்கேயே எஞ்சினை முடுக்கி முடுக்கி அடியில் மண் அரித்துப் பெரிய பள்ளம் விழுந்திருக்கும். பாண்டிச்சேரியிலிருந்து புதுப்படகோடு வந்த ஒருவர், உன் அப்பா சொல்லச் சொல்லக் கேட்காமல் இறக்கினார். டிரெய்லரின் இரண்டு சக்கரமும் பள்ளத்தில் தொபுக்கென்று விழுந்து, அச்சு வளைந்து, மத்தியானம் தண்ணீர் ஏறும்வரை அந்த மனுஷர் குடையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். உன் அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாரே தவிர, நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் பத்து தடவை சொல்லியிருப்பேன்.

சாமான் ஏற்றுவது, படகின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் ஓட்டையை அடைப்பது, எஞ்சினைத் தூக்கி வைப்பது, படகை டிரெய்லரோடு கட்டியிருக்கும் பின்பக்கத்துப் பட்டைகளைக் கழற்றுவது எல்லாம் மேலேயே முடிந்துவிட வேண்டும். சரிவில் நின்றுகொண்டு எதையாவது தேடுகிறவன் பதறுவான். படகின் மூக்கில் நீளமான கயிறு ஒன்று கட்டி ஒருவர் கையில் இருக்கட்டும், வெள்ளாற்றில் நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். வண்டி சரிவில் இறங்கும்போது சீட் பெல்ட்டை எடுத்துவிட்டு, கதவுக் கண்ணாடியை இறக்கி வை. கை பிரேக்கை மட்டும் நம்பாதே, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கை காட்டுவது ஒருவர்தான், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒருவர் உன் கண்ணில் படவில்லை என்றால் அந்த நொடியே நிறுத்திவிடு. படகுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. படகின் மூக்கை டிரெய்லரோடு பிடித்திருக்கிற கொக்கியையும், அதோடு இருக்கிற காப்புச் சங்கிலியையும், படகு மிதக்கும்வரை யாரும் தொடக் கூடாது. "தண்ணி தூக்குற வரைக்கும் அது படகு இல்ல, பாரம்" என்று உன் அப்பா சொல்வார். எட்டு வருடத்தில் இந்தப் பேச்சை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

இனி நம் வழக்கத்துக்கு வருகிறேன். கடலூர்ப் பக்கம் என் பிறந்த ஊரில் புதுப்படகு கட்டோடு தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்பார்கள். மணலில் முளைகளில் கட்டிப் போட்டிருக்கும் படகுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, படகுக்காரனின் கூடப் பிறந்தவள், அவள் இல்லையென்றால் பெற்றவள், தன் கையால் எல்லாக் கயிறுகளையும் அவிழ்த்துவிடுவாள். ஆண்கள் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். படகுக்காரன் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் நீட்டிப் படகை வாங்கிக்கொள்வான். மணலில் இதில் ஓர் ஆபத்தும் கிடையாது. இருபது பேர் தள்ளினாலும் முக்கி முனகித்தான் நகரும். திருவந்திபுரத்தில் கல்யாணம் முடிந்து கிள்ளைப் பக்கம் வந்த பிறகும் இந்த வழக்கத்தை நான் விடவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் புதுப்படகு இரண்டை அந்தச் சிமெண்டுச் சரிவில் இறக்கியபோது, பாதிச் சரிவில் கொக்கியை அக்கா முறையில் நானே கழற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அப்போது டிரெய்லரில் படகு உட்கார்ந்திருந்தது பலகையின் மேல். இரண்டாவது தடவை உன் அப்பா என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. "இனிமே மெதந்த பெறவுதான். இல்லன்னா நீ வர வேணாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். மனதுக்குள், உங்கள் வீட்டில் வழக்கம் கிடையாது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

என் தம்பி, உன் மாமா, படகு வாங்கியபோது அந்தப் பலகை இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் உன் அப்பா பலகையை எடுத்துவிட்டு ரப்பர் உருளைகள் போட்டிருந்தார். ஒரு விரலால் தள்ளினால் படகு வழுக்கிக்கொண்டு போகும் என்று பெருமையாக எனக்குக் காட்டினார். நானும் தள்ளிப் பார்த்துச் சிரித்தேன். ஆக எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எதையும் சொல்ல முடியாது.

நீ அன்றைக்குச் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்தாய், கடைசி வருடப் பரீட்சை. அது ஒரு திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம், மணி ஏழு இருபது ஆகிவிட்டது. உன் அப்பா அவசரப்படவே இல்லை. வழக்கம்போல நடந்து பார்த்தார், கட்டை வைத்தார், கொக்கியையும் சங்கிலியையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். என்னிடம் வந்து, "ஆரத்தி எடுத்தாச்சில்ல? கொக்கில கை வைக்காத. மெதந்ததும் நானே கூப்புடுறன்" என்றார். உன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகுக்குப் பின்னால் போய் நின்றான். "மச்சான், அங்க நிக்காத, ஓரமா வா" என்று இவர் சத்தம் போட்டார். "தோ வந்துட்டன் மாமா" என்று ஓரமாக வந்துவிட்டான். வந்துவிட்டான் கண்ணு. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இவர் டிராக்டரில் ஏறிப் பின்னுக்கு எடுத்தார். நான் டிரெய்லரின் முன்பக்கம், படகின் மூக்குக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே கை காட்டினேன். மணியைப் பார்த்தேன். கூடப் பிறந்த ஒரே தம்பி, முப்பத்து நான்கு வயது, படகு வாங்கின பிறகுதான் பெண் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவன், அவன் படகு கட்டோடு தண்ணீரைப் பார்ப்பதா என்று எனக்குத் தாங்கவில்லை. அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், போய் வாங்கிக்கொள் என்று. அவன் சிரித்துக்கொண்டே திரும்பவும் பின்னால் போனான். நான் சங்கிலியின் பூட்டாணியை உருவினேன். கொக்கியைக் கழற்றினேன்.

படகு ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. சிதம்பரம் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இருக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்றுதான். உன் அப்பா டிராக்டரிலிருந்து குதித்து ஓடிவந்தபோது அந்த ஆணி என் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என் விரல்களைப் பிரித்து அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். பிறகு அவனைத் தூக்கிக் கரையில் கிடத்தியதும், கூட்டம் என்ன ஏது என்று கேட்டதும், "நான்தான் கொக்கி மாட்ட மறந்துட்டன்" என்றார். விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னார். என் பிறந்த ஊர் ஆட்கள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் அதையே சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் நீ வந்தாய். உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் அவன், அவன்மேல் நீ எவ்வளவு உயிராக இருந்தாய் என்று எனக்குத் தெரியாதா? அத்தனை பேர் முன்னால் உன் அப்பாவைப் பார்த்து, "ஒரு கொக்கி மாட்டத் தெரியாதா ஒனக்கு? நீயெல்லாம் எதுக்கு வண்டி ஓட்டுற?" என்று கத்தினாய். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதாவது நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். முதல் நாள் சொல்லாமல் விட்டால் இரண்டாம் நாள் சொல்வது கஷ்டம், ஒரு மாதம் போனால் அதைவிடக் கஷ்டம். அப்புறம் அவர் சொன்ன பொய்தான் நடந்தது என்பதுபோல வீட்டில் எல்லோரும் பழகிவிட்டோம். என் பிறந்த வீட்டுக்கு நான் வழக்கம்போலப் போய்வந்தேன், அவரை வாசலோடு நிறுத்தினார்கள். என்னைப் பாவம் என்றார்கள். அந்தப் பாவத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் டிராக்டரையும் டிரெய்லரையும் கொடுத்துவிட்டு, சேத்தியாத்தோப்பில் ஒரு நெல் கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போனார். தினமும் பஸ். அந்தச் சரிவு இருக்கிற பக்கமே போகமாட்டார். உனக்கு நினைவிருக்கிறதா, நீ சிதம்பரத்தில் முதல் வேலையில் இருந்தபோது, வறுத்த கெழுத்தி மீனை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் காத்திருந்து உன்னைப் பார்த்திருக்கிறார். டப்பாவை வாங்கிக்கொண்டு "சரி, கெளம்புங்க" என்றாயாம். இதை அவரோடு கூடப்போன பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது வேறு. "பையன் எதுருலயே தொறந்து ரெண்டு துண்டு சாப்ட்டான். உப்பு ஜாஸ்தின்னான்" என்றார். மீனில் உப்பு சரியாகத்தான் இருந்தது. நம்பும்படியாக இருக்க வேண்டும் என்று ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் மனுஷர். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுதுவிட்டு வந்து அவருக்குச் சோறு போட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கடைசி வாரம். நீ வந்து டாக்டரிடம் பேசினாய், மருந்து வாங்கிவந்தாய், எல்லாம் முறையாகச் செய்தாய். அவர் பக்கத்தில் மட்டும் உட்காரவில்லை. நீ வெளியே போனபோது, "நான் அவன்கிட்ட சொல்லிடுறேங்க. இனிமேலும் என்னால முடியாது" என்றேன். அத்தனை வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "சொல்லிடாத. மாமனும் போயிட்டான், அப்பனும் இல்லாத மாரி ஆயிடுச்சி. அம்மாவாச்சும் இருக்கட்டும் அவனுக்கு." என் கையைப் பிடித்திருந்த பிடியை அவர் விடவில்லை. நான் சரி என்றேன். அந்தச் சரியை இந்தக் கடிதத்தில் மீறுகிறேன். நீ என்னையே கூப்பிட்டு, அதே சரிவில், அதேபோலக் கொக்கியை அவிழ்க்கச் சொன்ன பிறகு, அவரே இருந்தாலும் மீறத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். சொல்லமாட்டார் என்றும் தோன்றுகிறது. எப்படியோ, இது என் முடிவு.

நேற்றுக் காலை அந்தச் சரிவுக்குப் போனேன். மீன் எடுக்க வந்தவர்கள், படகுக்காரர்கள் என்று அன்று இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் மட்டும், "பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "கடுதாசி எழுதிக்கிட்டிருக்கன், தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் பிறந்த ஊருக்கும் போய்ச் சொல்வேன். இந்த வாரம் முடிவதற்குள் போகிறேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் இறக்கியே தீர வேண்டும் என்று யாராவது உன்னை அவசரப்படுத்தினால், மத்தியானத்துக்குத் தள்ளிவை. உன் மச்சான்மார்களில் யாராவது ஆசைப்பட்டுப் பின்னால் போய் நின்றால், வண்டியை நிறுத்திவிட்டு நீயே இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்து விடு. சொன்னேன், நகர்ந்துவிட்டான் என்று இருந்துவிடாதே. படகில் மாமா பெயர் அப்படியே இருக்கட்டும். நான் வர வேண்டாம் என்றால் வரமாட்டேன். இத்தனை வருடம் நீ அவரை எங்கே நிறுத்தியிருந்தாயோ அங்கே என்னை நிறுத்தினாலும் நான் நிற்பேன், எனக்கு அதில் கேட்க ஒன்றும் இல்லை.

கேட்பது ஒன்றே ஒன்று. அவர் கொக்கியை மாட்டினார். சங்கிலியையும் மாட்டினார். இழுத்தும் பார்த்தார். வண்டியைச் சரியாகத்தான் ஓட்டினார். இதை ஒரே ஒரு தடவை உன் வாயால் சத்தமாகச் சொல், கண்ணு. கேட்க அவர் இல்லை. நீ எங்கே இருந்து சொன்னாலும் நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா